மஃப்ளர் மாட்டினால் எஞ்சின் பிரேக் பிடிக்காதா?

கனடாவின் ஒன்டாரியோவில் வாங்கிய பழைய ட்ரக்கில் மஃப்ளரை, அதாவது சத்தத்தை அடக்கும் சைலன்சரைக் கழற்றி வெறும் குழாய் போட்டிருக்கிறார்கள், ராத்திரியில் எஞ்சின் பிரேக் போட்டாலே அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வருகிறார்கள், மஃப்ளர் மாட்டினால் பிரேக் பலம் போய்விடுமோ என்று கேட்டிருந்தீர்கள். பயப்படாதீர்கள் நண்பரே, போகாது.

எஞ்சின் பிரேக் போட்டால், பிஸ்டன் காற்றை அமுக்கிக்கொண்டு மேலே வரும், உச்சியை நெருங்கும் நேரத்தில் எக்ஸாஸ்ட் வால்வு (புகை வெளியேறும் வழியின் கதவு) திறந்து காற்றை வெளியே விட்டுவிடும். வண்டியின் வேகம் அந்த அமுக்கும் வேலையில்தான் கரைகிறது. படபடவென்று வெடிப்பது வெளியே பாயும் காற்று. நல்ல மஃப்ளர் அதைத்தான் அடக்கும்.

ஒன்டாரியோ நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 75-ஆம் பிரிவும் ஒழுங்காக வேலை செய்யும் மஃப்ளர் கட்டாயம் என்கிறது. ஆகவே தள்ளிப்போடாதீர்கள்.

அதுவரை ஊருக்குள் நுழையும் முன்பே வேகத்தைக் குறைத்து, கால் பிரேக்கிலேயே சமாளியுங்கள். ட்ரக் ஸ்டாப்பில் பக்கத்து கேபினில் ஒருவர் தூங்குவார், தயவுசெய்து ஆக்ஸிலேட்டரை ஓங்கி மிதிக்காமல் கிளம்புங்கள். ஆனால் நீண்ட இறக்கத்தில் யார் திட்டினாலும் எஞ்சின் பிரேக்கை அணைக்காதீர்கள். கால் பிரேக் சூடேறினால் பிடிக்காது.

அப்புறம், மஃப்ளர் மாட்டும்போது குழாயை இறுக்கும் கிளாம்ப், இணைப்பில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் இரண்டையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். அங்கே கசிந்தால் சத்தம் அப்படியே இருக்கும்.