மிஸியிடம் கேளுங்கள்: மகனின் குளிசை அம்மாவுக்கு ஆகுமா?

கேள்வி: அன்புள்ள மிஸி, எனக்கு 34 வயது. திருகோணமலையில் ஓர் அரச அலுவலகத்தில் வேலை. மூன்றாம் ஆண்டு படிக்கும் மகனுக்கு ஏ.டி.எச்.டி. (கவனக் குறைவும் துருதுருப்பும் உள்ள நிலை) இருப்பதாகப் போன வருடம் சொன்னார்கள். காலையில் ஒரு குளிசை கொடுக்கிறோம், வகுப்பில் இப்போது கொஞ்சமாவது இருந்து எழுதுகிறான். ஆனால் அவனைப் பற்றி வைத்தியர் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்லச் சொல்ல, நான் என்னைப் பற்றித்தான் சொல்கிறேனோ என்று இருந்தது. அடுப்பில் பால் பொங்கி ஊற்றும், நான் முற்றத்தில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நிற்பேன். கரண்ட் பில்லுக்கு எடுத்து வைத்த காசு கைப்பையில் கிடக்க, சிவப்பு நோட்டீஸ் வரும். சீட்டுப் பிடிக்கிற அக்கா இப்போது என்னோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. விரல் வைக்கிற மெஷினுக்குப் பிந்திப் பிந்தி லீவு எல்லாம் போய்விட்டது. ஆனால் சாரி பிளவுஸ் தைக்க இருந்தால் இரவு இரண்டு மணியானாலும் எழும்ப மாட்டேன். “தைக்க மட்டும் ஏலுமோ? உனக்கு அக்கறை இல்லை” என்கிறார் கணவர். மாமி, “இது போன் வந்த பிறகு வந்த வருத்தம், நூல் கட்டினால் போகும்” என்கிறா. மகனின் குளிசையில் பாதியை ஒரு நாள் போட்டுப் பார்ப்போமா என்று நினைக்கிறேன். போடலாமா?
— வாசகி, உப்புவெளி

பதில்: வேண்டாம் தங்கச்சி. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதை ஆறுதலாகக் கதைப்போம்.

மகனுக்குத் தந்திருப்பது அநேகமாக மெத்தில்பெனிடேட் ஆக இருக்கும். அது நாடித்துடிப்பையும் பிரஷரையும் கொஞ்சம் கூட்டும், பசியைக் குறைக்கும், பிந்திப் போட்டால் நித்திரையைக் கெடுக்கும். அதனால்தான் கிளினிக்கில் அவனுடைய நிறையையும் பிரஷரையும் பார்க்கிறார்கள். உங்கள் பிரஷர் என்ன, குடும்பத்தில் யாருக்காவது இருதய வருத்தம் உண்டா, நீங்கள் வேறு மருந்து எடுக்கிறீர்களா, வயிற்றில் பிள்ளை உண்டா என்று யாரும் இன்னும் கேட்கவில்லை. அதோடு, அரைக் குளிசை போட்ட அன்று நீங்கள் உசாராக இருந்தால் ‘அப்ப எனக்கும் இருக்குது’ என்று முடிவு கட்டிவிடுவீர்கள். இந்த வருத்தம் இல்லாதவருக்கும் அந்தக் குளிசை உசார் தரும். அதை வைத்து ஒன்றும் நிரூபிக்க முடியாது.

ஆனால் உங்கள் சந்தேகம் நியாயமானது. உயரம் போலவே இதுவும் குடும்பத்தில் ஓடுகிற ஒன்று. இரட்டைப் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வுகள், ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டில் 70 முதல் 80 வீதம் வரை பரம்பரையால் வருகிறது என்கின்றன. நான் கிளினிக்கில் வேலை செய்த காலத்தில், பிள்ளையைக் காட்ட வந்துவிட்டுப் பிள்ளையின் கிளினிக் கொப்பியை வாங்கிலேயே விட்டுவிட்டுப் போகிற அம்மாமாரைக் கண்டிருக்கிறேன். கொப்பியோடு பஸ் ஸ்டாண்ட் வரை ஓடியும் இருக்கிறேன். மாமியிடம் சொல்லுங்கள்: 1902இல், போன் என்ன, றேடியோவே வீட்டுக்கு வராத காலத்தில், லண்டனில் ஜோர்ஜ் ஸ்டில் என்ற பிள்ளை வைத்தியர் இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பற்றி விரிவுரை செய்திருக்கிறார். நூல் கட்டுவது அவவின் நம்பிக்கை, கட்டட்டும். மகனின் குளிசையை மட்டும் அதற்காக நிறுத்த வேண்டாம்.

பிளவுஸ் விஷயத்தில் கணவர் சொல்வதும் பிழை. பிடித்த வேலையில் நேரம் தெரியாமல் அமிழ்ந்துபோவது இந்த வருத்தத்தில் அடிக்கடி காண்கிற ஒன்று. உங்களிடம் கவனம் இருக்கிறது. அதை வேண்டிய நேரத்தில் வேண்டிய பக்கம் திருப்புவதுதான் சிரமம். எத்தனை ஏச்சு வாங்கினாலும் அது மாறாது. சின்ன வயதிலிருந்து வாங்கியிருப்பீர்கள்தானே, மாறியதா?

இனி வைத்தியரிடம் போகும் விஷயம். அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட வரையறையின்படி, பெரியவர்களுக்குக் கவனம் சம்பந்தமான ஒன்பது அறிகுறிகளில், அல்லது துருதுருப்பும் அவசரமும் சம்பந்தமான ஒன்பதில், குறைந்தது ஐந்து இருக்க வேண்டும். அவற்றில் பல 12 வயதுக்கு முன்னரே தெரிந்திருக்க வேண்டும், ஒரே இடத்தில் மட்டும் தெரிந்தால் போதாது. அதனால் உங்கள் சின்ன வயதைப் பற்றித்தான் அதிகம் கேட்பார்கள். பழைய தேர்ச்சி அறிக்கைகளைக் கொண்டு போகச் சொல்வது வழக்கம். எங்கள் ஊரில் அது எத்தனை பேரிடம் இருக்கிறது! இடம்பெயர்வில் போனது பாதி, கடல் கொண்டுபோனது மீதி. அம்மாவையோ பெரியம்மாவையோ கூட்டிக்கொண்டு போங்கள். “சின்னனில் பிராக்குக்காரி, கடைக்கு அனுப்பினால் சாமானை மறந்து ரோட்டில் மானைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்” என்று அவர்கள் சொல்வதும் சாட்சிதான்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லுங்கள். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது நீங்கள் பள்ளிக்கூடப் பிள்ளையாக இருந்திருப்பீர்கள். கண்ட பயமும் இழப்பும்கூட மனிதரை மறதிக்காரராக்கும், நித்திரையைக் கெடுக்கும், ஒரு வேலையில் இருக்க விடாது. எனவே இந்தக் குணம் அதற்கு முந்தியே இருந்ததா, பிறகு வந்ததா என்பது முக்கியமான கேள்வி. இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். தைரொயிட்டையும் இரத்தத்தில் இரும்புச் சத்தையும் பார்த்துவிடுவது நல்லது. மாவட்டப் பொது வைத்தியசாலையின் உளநலக் கிளினிக்கில் காட்டலாம், காசு இல்லை. அங்கே போக வெட்கமாக இருந்தால், 1926 என்ற தேசிய மனநல உதவித் தொலைபேசி இலக்கத்தை அழைத்துத் தமிழிலேயே முதலில் கதைத்துப் பாருங்கள்.

முடிவு வரும்வரை வீட்டைக் கொஞ்சம் மாற்றலாம். இதற்கு வைத்தியரின் மருந்துத் துண்டு வேண்டாம், வருத்தம் இல்லை என்று தெரிந்தாலும் நட்டம் இல்லை. ‘இனி மறக்க மாட்டேன்’ என்று சபதம் எடுக்காதீர்கள். மறந்தாலும் வேலை நடக்கிற மாதிரி சாமான்களை வையுங்கள். நீங்கள் ஸ்கூட்டியில் போகிறவர் என்றால் கரண்ட் பில்லை ஹெல்மெட்டுக்குள் வையுங்கள். ஹெல்மெட் போடாமல் வெளிக்கிட முடியாது, பில்லைத் தொடாமல் ஹெல்மெட் போட முடியாது. சாவிக்கு வாசலில் ஓர் ஆணி, வேறெங்கும் இல்லை. சீட்டுக் காசைச் சம்பளம் வந்த அன்றே அந்த அக்காவின் கணக்கில் போட்டுவிடுங்கள். முடிந்தால் நீங்கள் தொடாமலே மாதாமாதம் போகும்படி வங்கியில் எழுதிக் கொடுங்கள். அக்காவின் முகமும் மெல்லத் திரும்பும்.

பால் காய்ச்சுகிறபோது அடுப்பை விட்டு நகர வேண்டாம். நகர வேண்டி வந்தால் அடுப்பை அணைத்துவிட்டு நகருங்கள், பால் பிந்தினால் பரவாயில்லை. போனில் அலாரம் வைக்கச் சொல்கிறவர்கள், அலாரத்தை நிறுத்தக் கையில் எடுத்த போனில் அரை மணி போவதை யோசிப்பதில்லை. முள் உள்ள மலிவான மணிக்கூடு ஒன்றைக் குசினிச் சுவரில் மாட்டுங்கள். நேரம் ஓடுவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். “இந்தா வாறன்” என்று சொன்னால் எத்தனை மணிக்கு என்று உடனே வாய்விட்டுச் சொல்லுங்கள். (இது எங்கள் ஊர் முழுவதுக்கும் பொருந்தும்.) காலையில் தேவையான சப்பாத்து, தண்ணீர்ப் போத்தல், உங்கள் சாரி எல்லாம் முதல் நாள் இரவே எடுத்து வைத்தால், அந்த மெஷினோடு உள்ள சண்டை பாதி குறையும்.

அலுவலகத்தில் மேசையில் ஒரு பைல்தான். மற்றவை முதுகுக்குப் பின்னால். யாராவது வாயால் ஒரு வேலை சொன்னால், அவர் நிற்கும்போதே எழுதிக்கொள்ளுங்கள். இழுபடுகிற வேலையைச் செய்யும்போது பக்கத்தில் தன் வேலையைப் பார்த்தபடி ஒருவர் இருந்தால் போதும், கை ஓடும். அவர் உதவி செய்ய வேண்டியதும் இல்லை. மகனுக்கும் இதே வழிதான். நீங்கள் தையலோடும் அவன் கொப்பியோடும் ஒரே மேசையில் பதினைந்து நிமிடம் இருங்கள், பிறகு அவன் முற்றத்தில் ஓடிவிட்டு வரட்டும். இரவு பத்தரைக்குத் தையல் மெஷின் சுவிட்சை அணைக்கிற பொறுப்பைக் கணவருக்குக் கொடுங்கள். ஏசாமல் அணைக்க வேண்டும், அது அவருக்கான பயிற்சி. நித்திரை குறைந்தால் மேலே சொன்ன எதுவும் வேலை செய்யாது.

மருந்து வேண்டும் என்று வைத்தியர் சொன்னால் பயப்பட வேண்டாம். சொன்ன அளவில், கிளினிக்குக்குப் போய்வந்து எடுக்கிறவர்கள் அதற்கு அடிமையாவது அரிது. ஆனால் உங்கள் பெயரில், உங்கள் கொப்பியில் எழுதித் தந்த குளிசையை மட்டும் போடுங்கள்.

கேள்வி: என் மகளுக்கு 14 வயது. குழப்படி இல்லை, அமைதியான பிள்ளை. ஆனால் வகுப்பில் யன்னலையே பார்த்துக்கொண்டிருக்கிறாள், புள்ளிகள் குறைந்துவிட்டன என்று ரீச்சர் சொல்கிறார். அமைதியான பிள்ளைக்கும் ஏ.டி.எச்.டி. வருமா?
— தந்தை, கிண்ணியா

பதில்: வரும் தம்பி. ஓடித் திரியாமல் கவனம் மட்டும் சிதறுகிற வகையும் உண்டு. வகுப்பைக் குழப்பாததால் பெண் பிள்ளைகளிடம் அது தெரியாமலே போய்விடும். ஆனால் ‘குறைந்துவிட்டன’ என்று எழுதியிருக்கிறீர்கள். முன்பு நன்றாகப் படித்த பிள்ளை இப்போதுதான் இப்படி என்றால் நான் முதலில் வேறு பக்கம் பார்ப்பேன்: கண்பார்வை, காது, இரத்தச் சோகை, இரவு எத்தனை மணிக்குப் படுக்கிறாள், மனதை யாராவது நோகடித்தார்களா. கடைசிக் கேள்வியை நீங்கள் கேட்க வேண்டாம். உம்மாவோ மூத்த சாச்சியோ தனியாக இருக்கும்போது கேட்கட்டும், அந்த நேரம் நீங்கள் கடைப்பக்கம் போய்விடுங்கள்.