படத்தில் இருப்பதும் நாம் படிப்பதும்: கேள்வி பதில்

கே: சலவைத்தூள் விளம்பரம் ஒன்றை எடுத்து, அதில் பெண் தாழ்வாகக் காட்டப்படுகிறாள் என்று எழுதினேன். "இது உன் அபிப்பிராயம், ஆய்வு இல்லை" என்று வழிகாட்டி திருப்பிக் கொடுத்துவிட்டார். இதற்கு மேல் என்ன செய்ய வேண்டும்?

ப: உங்கள் முடிவு சரியாகவே இருக்கலாம். கண்ணுக்குத் தெரிவதையும் அதிலிருந்து நீங்கள் எடுத்த பொருளையும் ஒரே வாக்கியத்தில் போட்டுவிட்டதுதான் சிக்கல். ஒரு தாளின் நடுவே கோடு போடுங்கள். இடப்பக்கம் படத்தில் இருப்பதை மட்டும் எழுதுங்கள்: யார் நிற்கிறார், யார் உட்கார்ந்திருக்கிறார், யாருடைய தலை மேலே, பார்வை எங்கே போகிறது, கை எதைத் தொடுகிறது, கேமரா மேலிருந்து பார்க்கிறதா கீழிருந்தா, வெளிச்சம் எந்தப் பக்கம். "தலை இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது" என்பது இங்கே வரலாம். "பணிவாகச் சாய்ந்திருக்கிறாள்" என்றால் அது வலப்பக்கத்துக்கு உரியது. பத்து நிமிடமாவது இடப்பக்கத்தை விட்டு நகராதீர்கள். பார்த்ததும் கண்ணில் படாத விவரங்கள் அப்போதுதான் ஒவ்வொன்றாக வெளிவரும்.

அடுத்து, ஏற்கெனவே இருக்கும் பகுப்புகளைப் பயன்படுத்துங்கள். சமூகவியலாளர் எர்விங் காஃப்மன் 1970களில் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட விளம்பர, பத்திரிகைப் படங்களை வரிசைப்படுத்திச் சில பகுப்புகள் தந்தார். யார் பெரிதாகத் தெரிகிறார், வேலையில் யார் சொல்பவர் யார் கேட்பவர், யார் படுத்தோ மண்டியிட்டோ இருக்கிறார், யாருடைய கவனம் காட்சியை விட்டு எங்கோ போகிறது என்பவை அவற்றில் சில. தொடுகையைப் பற்றிய பகுப்பு மிகவும் பயன்படும்: பொருளை இறுகப் பிடிக்காமல் விரல் நுனியால் வருடுவது, அல்லது தன் கன்னத்தையோ தோளையோ தானே தொட்டுக்கொள்வது. உங்கள் சலவைத்தூள் பெட்டியைப் பாருங்கள். உள்ளங்கை முழுக்கப் பதிந்து பிடித்திருக்கிறாளா, விரல்கள் மேலே ஒட்டியபடி நிற்கின்றனவா? இதற்கு யாரும் ஒரே விடைதான் சொல்ல முடியும். இப்படிப்பட்ட கூற்றுகளின் மேல்தான் உங்கள் வாதத்தைக் கட்ட வேண்டும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. காஃப்மன் குருட்டுவாக்கில் மாதிரி எடுக்கவில்லை. தன் கருத்து துலங்கும் படங்களைத் தேடித் தேர்ந்தார். ஆகவே அவருடைய தொகுப்பை வைத்து "இத்தனை சதவீதம் விளம்பரங்கள் இப்படி" என்று சொல்ல வழியில்லை. பகுப்பை அவரிடமிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணும் வேலை உங்களுடையது.

கே: எத்தனை படங்கள் எடுத்தால் போதும்? கூகுளில் தேடி முதல் 50 படங்களை எடுக்கலாமா?

ப: அந்த 50-ஐ விட்டுவிடுங்கள். தேடுபொறி தரும் வரிசை இடம், மொழி, முந்தைய தேடல், அன்றைய தேதி என்று பலவற்றால் மாறும். தேடுபொறி எதை முன்னே தள்ளுகிறது என்பதே உங்கள் ஆய்வுக் கேள்வியாக இருந்தால் ஒழிய, அதில் சமூகத்தைப் பார்ப்பதாகச் சொல்ல முடியாது.

முதலில் எல்லை கட்டுங்கள்: குறிப்பிட்ட ஒரு இதழ், குறிப்பிட்ட ஓராண்டு, முழுப்பக்க விளம்பரங்கள் மட்டும். எல்லைக்குள் வரும் அனைத்துக்கும் எண் போட்டுப் பட்டியலிட்டு, கணினியில் குலுக்கல் எண் எடுத்துத் தேர்ந்தெடுங்கள். ஒரு விகிதத்தை மதிப்பிட 100 படங்கள் எடுத்தால் விடை ஏறத்தாழ 10 சதவீதப் புள்ளி முன்பின் ஆகலாம். 5 புள்ளிக்குள் அடக்க 385 வேண்டும். தவறு ஏற்படுவது பெரும்பாலும் திரும்ப வரும் விளம்பரத்தில்தான். ஒரே விளம்பரம் 12 இதழ்களிலும் வந்திருந்தால் அது ஒன்றா, பன்னிரண்டா? வாசகர் கண்ணில் எத்தனை முறை பட்டது என்பது கேள்வியானால் பன்னிரண்டு. விளம்பரம் எடுப்பவர்கள் எப்படி யோசிக்கிறார்கள் என்பது கேள்வியானால் ஒன்று. எண்ணத் தொடங்குமுன்பே முடிவு செய்து எழுதி வையுங்கள்.

கே: நானும் தோழியும் 100 படங்களைத் தனித்தனியாகக் குறித்தோம். "பெண் கேமராவைப் பார்க்கிறாளா" என்ற கேள்விக்கு 85 படங்களில் இருவரும் "ஆம்", 5-இல் இருவரும் "இல்லை". மீதி 10-இல் மாறிப்போனது: ஐந்தில் நான் மட்டும் "ஆம்", ஐந்தில் அவள் மட்டும் "ஆம்". 90 சதவீதம் ஒத்துப்போயும், தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்துவிட்டு ஒப்புதலை அளக்கும் கோஹன் கப்பா 0.44 என்கிறது. கணக்குப் பிழையா?

ப: கணக்கு சரிதான். நீங்கள் இருவருமே 100-இல் 90 முறை "ஆம்" போட்டிருக்கிறீர்கள். படத்தையே பார்க்காமல் அதே விகிதத்தில் ஆளுக்கொரு பட்டியல் எழுதியிருந்தாலும் 0.9 × 0.9 = 0.81 அளவுக்கு "ஆம்" ஒத்துப்போகும், 0.1 × 0.1 = 0.01 அளவுக்கு "இல்லை" ஒத்துப்போகும். ஆக 0.82 சும்மாவே கிடைக்கும். அதற்கு மேல் நீங்கள் சேர்த்தது 0.08. சேர்க்க இடம் இருந்தது 0.18. 0.08-ஐ 0.18-ஆல் வகுத்தால் 0.44. ஒரே விடை பெருவாரியாக வரும் கேள்விகளில் வெறும் சதவீதம் எப்போதும் பெருமையாகத்தான் காட்டும்.

இப்போது அந்தப் பத்துப் படங்களை எடுத்து மேசைமேல் பரப்புங்கள். பொதுவாக நாலைந்து காரணங்கள்தான் இருக்கும்: கறுப்புக் கண்ணாடி, பக்கவாட்டு முகம், கூட்டத்தில் மிகச் சிறிய முகம், ஒரே படத்தில் இரண்டு பெண்கள், பார்வை கேமராவுக்குச் சற்று மேலே. ஒவ்வொன்றுக்கும் குறியீட்டு ஏட்டில், அதாவது எதை எப்படிக் குறிப்பது என்று எழுதிவைத்த விதித்தொகுப்பில், ஒரு விதி சேருங்கள். "இரு கருமணிகளும் தெரிந்து, பார்வை நேரே லென்ஸுக்கு வந்தால் மட்டும் ஆம். கண் மறைந்திருந்தால் 'தெரியவில்லை'. பலர் இருந்தால் படத்தில் அதிக இடம் பிடித்தவரை மட்டும் குறிக்கவும்." விதி எழுதிய பிறகு அதே 100-ஐ மறுபடி குறித்து அந்த எண்ணைப் போடுவது ஏமாற்று. புதிதாக 50 படமாவது எடுத்து, இருவரும் பேசிக்கொள்ளாமல் குறித்துக் கணக்கிடுங்கள். உள்ளடக்க ஆய்வு முறைகளை எழுதிய கிரிப்பெண்டார்ஃப், கப்பாவைப் போலவே ஒப்புதலை அளக்கும் தன் ஆல்ஃபா அளவுக்கு 0.80 வேண்டும் என்றார், 0.667 வரை தற்காலிக முடிவுக்கு ஏற்கலாம் என்றார். கப்பாவுக்கும் பலர் அதே எல்லையை வைத்துக்கொள்கிறார்கள். சதவீதம், கப்பா இரண்டையும் அறிக்கையில் கொடுங்கள். ஒத்துவராத படங்களைப் பேசித் தீர்த்துவிட்டு அதன்பின் கப்பா போட்டவர்களின் 0.95-ஐ நான் நம்புவதில்லை.

கே: பள்ளி ஆசிரியர் நான். ஒரே வகுப்பு நேரத்துக்குள், ஸ்கேலும் பத்திரிகையும் மட்டும் வைத்துச் செய்ய ஏதாவது உண்டா?

ப: முகமுதன்மை அளவு, அதாவது படத்தில் தெரியும் உடம்பில் முகம் எவ்வளவு பங்கு என்பது, இதற்கென்றே அமைந்தது. டேன் ஆர்ச்சரும் கூட்டாளிகளும் 1983-இல் வெளியிட்டது. ஒருவர் மட்டும் இருக்கும் படத்தில் உச்சந்தலையிலிருந்து முகவாய் வரை அளங்கள். பிறகு உச்சந்தலையிலிருந்து அந்த உடம்பு எதுவரை தெரிகிறதோ அதுவரை அளங்கள். முதலாவதை இரண்டாவதால் வகுக்க வேண்டியதுதான். முகம் 6 செ.மீ., மொத்தம் 9 செ.மீ. என்றால் 0.67. முழு உருவப் படத்தில் முகம் 2, மொத்தம் 16 என்றால் 0.125. முகம் மட்டுமே இருந்தால் 1. பல நாட்டுப் பத்திரிகைகளில் ஆண்களின் எண் கூடுதலாக இருந்ததை அவர்கள் கண்டார்கள். அதிக எண் உள்ள படத்தில் இருப்பவரைப் பார்ப்பவர்கள் அறிவாளியாக மதிப்பிட்டதையும் கண்டார்கள்.

பிள்ளைகளை இருவர் இருவராகப் பிரித்து ஆண் படம் 20, பெண் படம் 20 கொடுங்கள். தொப்பி, முகவாயை மறைக்கும் கை, ரொம்பச் சாய்ந்த தலை ஆகியவற்றை ஒதுக்கச் சொல்லுங்கள். இங்கே எல்லோரும் சறுக்கும் இடம், உடை விளம்பரப் பெண்ணையும் அமைச்சர் படத்தையும் ஒப்பிடுவது. உடையை விற்பவர் உடம்பைக் காட்டித்தான் ஆக வேண்டும். அமைச்சரோடு அமைச்சர், விளையாட்டு வீரரோடு வீராங்கனை என்று ஒரே தொழிலுக்குள் அளந்தால்தான் வித்தியாசம் எதிலிருந்து வருகிறது என்று பேச முடியும். இணையப் படம் வேண்டாம். ஒரே படத்தைக் கைப்பேசிக்கு ஒரு மாதிரி, கணினிக்கு ஒரு மாதிரி வெட்டிக் காட்டும் தளங்கள் உண்டு.

கே: எண்ணிக்கை எல்லாம் சரி சார். ஆனால் சில படங்கள் ஒற்றை ஆளாக நின்று ஒரு காலத்தையே சொல்லிவிடுகின்றனவே? 1930களின் பொருளாதார வீழ்ச்சிக் காலத்தில் அமெரிக்கப் புகைப்படக்காரர் டோரதியா லாங் எடுத்த அந்தப் புலம்பெயர்ந்த தாயின் படம் போல.

ப: அந்தப் படத்தையே எடுத்துக்கொள்வோம். 1936 மார்ச், கலிபோர்னியாவின் நிப்போமோ, பட்டாணி பறிக்க வந்தவர்களின் முகாம். லாங் அங்கே எடுத்தது ஒரு தொடர். அதன் மற்றப் படங்களில் கூடாரமும் சுற்றியுள்ள இடமும் தெரிகின்றன. புகழ்பெற்ற படத்தில் அவை இல்லை. தாயின் முகம், கன்னத்தருகே கை, முகம் திருப்பிய இரண்டு குழந்தைகள், மடியில் கைக்குழந்தை, அவ்வளவுதான். கூடாரக் கம்பத்தைப் பிடித்த ஒரு கட்டைவிரல் படத்தின் கீழ்மூலையில் இருந்தது, பிற்பாடு நெகட்டிவில் அழிக்கப்பட்டது. அந்தப் பெண்ணின் பெயரை லாங் குறித்துக்கொள்ளவே இல்லை. ஃப்ளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்பது 1970களின் இறுதியில்தான் வெளியே தெரிந்தது. அமெரிக்கப் பழங்குடியினரான செரோக்கி வழிவந்தவர் அவர். படத்தால் தனக்கு ஒரு காசும் வரவில்லை என்றார்.

இதனால் படம் பொய் ஆகிவிடாது. பசி உண்மை, முகாம் உண்மை. ஆனால் "ஒரு காலத்தைச் சொல்கிறது" என்று நீங்கள் சொல்வது யாரோ தேர்ந்த சட்டகம், யாரோ விட்ட பெயர், யாரோ அச்சிட்ட படக்குறிப்பு எல்லாம் சேர்ந்து சொல்வது. லாங் அப்போது வேலை செய்த அரசுத் திட்டத்தின் படப்பிரிவுத் தலைவர் ராய் ஸ்ட்ரைக்கர், தனக்கு வேண்டாத நெகட்டிவ்களில் துளை போட்டு ஒதுக்கியதும் நடந்தது. எந்தப் புகழ்பெற்ற படத்துக்கும் இந்த நான்கைத் தேடுங்கள்: அதே சுருளின் மற்றப் படங்கள், முதன்முதல் படக்குறிப்பு, யார் பணம் கொடுத்தது, படத்தில் இருப்பவர் பின்னால் என்ன சொன்னார்.

கே: நேர்காணலில் படங்களைக் காட்டிப் பேசவைக்கப் பார்த்தேன். "நல்லா இருக்கு" என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள்.

ப: அழகான படங்களைக் காட்டினால் அழகைப் பற்றித்தான் பேசுவார்கள். பேச்சு வரவேண்டுமானால் படம் சாதாரணமாக, விவரம் நிறைந்ததாக இருக்க வேண்டும்: வேலை மேசை, வாசல், பொருட்கள் அடுக்கிய அலமாரி. மானிடவியலில் புகைப்படத்தைப் பயன்படுத்திய ஜான் கோலியர் 1957-இல் எழுதிய கட்டுரையிலிருந்தே இந்த முறை பேசப்படுகிறது. ஒரே குடும்பங்களைப் படத்தோடும் படம் இல்லாமலும் பேட்டி எடுத்து, படம் இருந்தபோது பேச்சு கூர்மையாகவும் நீளமாகவும் வந்ததை அவர் காட்டினார்.

பத்திலிருந்து பதினைந்து படம் போதும். அச்சுப்படமாக, அஞ்சலட்டை அளவில், பின்னால் எண் எழுதிக் கொண்டுபோங்கள். கைப்பேசித் திரையில் காட்டினால் ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளிவிடுவார்கள், இரண்டை அருகருகே வைத்து ஒப்பிட முடியாது. எல்லாவற்றையும் பரப்பிவிட்டுப் பேசாமல் இருங்கள். "இது என்ன?" என்று கேட்டால் அது பரீட்சை ஆகிவிடும். "எதிலிருந்து தொடங்கலாம்?" என்று கேளுங்கள். அவர் எடுக்கும் படத்தின் எண்ணை வாய்விட்டுச் சொல்லுங்கள், ஒலிப்பதிவில் பதியட்டும். இல்லாவிட்டால் பிறகு கேட்கும்போது "இங்க பாருங்க" என்பது எந்தப் படம் என்று தெரியாது. கடைசியில் "எந்தப் படம் இங்கே இல்லை?" என்ற கேள்வியை விடாதீர்கள். அதற்குள் பேச்சு ஓய்ந்திருக்கும், இந்தக் கேள்வி மறுபடி கிளப்பிவிடும்.

கே: நான் ஒரு மீமைக் கேலி என்று படித்தேன், என் மாணவர்கள் பாராட்டு என்கிறார்கள். யார் சரி?

ப: இரண்டு வாசிப்புமே தரவுதான். பண்பாட்டு ஆய்வாளர் ஸ்டூவர்ட் ஹால் 1973-இல் வாசிப்பில் மூன்று நிலை சொன்னார்: சொன்னபடியே ஏற்பது, பாதி ஏற்றுப் பாதி பேரம் பேசுவது, எதிர்நின்று படிப்பது. யார் எந்த நிலையில், எங்கே பார்த்து, யார் அனுப்பி என்று கேட்டுக் குறியுங்கள். மீமை மட்டும் சேமிக்காமல் தேதி, பதிவின் வாசகம், கீழே உள்ள கருத்துகள் எல்லாவற்றையும் சேர்த்தே எடுங்கள்.

கே: கேமரா நடுநிலைதானே? அதற்கு எதிரே நிற்பவர்தானே சமூகம்?

ப: இல்லை. வண்ணப் படச்சுருளையும் அச்சு நிறத்தையும் சரிபார்க்கக் கோடாக் நிறுவனம் பல பத்தாண்டுகள் அனுப்பிய மாதிரி அட்டையில் வெள்ளைத்தோல் பெண்ணின் முகம் இருந்தது. "ஷெர்லி அட்டை" என்றே பெயர். அந்தத் தோலுக்குச் சரியாக வந்தால் நிறம் "சரி". கருந்தோல் முகங்கள் விவரமிழந்து போனதற்கு அது ஒரு காரணம். 2018-இல் கணினி ஆய்வாளர்கள் பூலம்வினியும் கெப்ருவும் முகத்தை வைத்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மூன்று வணிக மென்பொருள்களைச் சோதித்தார்கள். வெளிர்தோல் ஆண்களில் பிழை அதிகபட்சம் 0.8 சதவீதம், கருந்தோல் பெண்களில் 34.7 வரை. ஆகவே உங்கள் படங்களை மென்பொருளால் வகைப்படுத்துவதாக இருந்தால், தோல் நிறவாரியாக ஒரு பகுதியைக் கையால் சரிபார்க்காமல் எண்ணிக்கையை வெளியிட வேண்டாம்.

கே: முகத்தை மங்கலாக்கிவிட்டால் அனுமதி இல்லாமல் படத்தை வெளியிடலாமா?

ப: கூடாது. அறிந்தவருக்கு முகம் தேவையே இல்லை; சட்டை, பச்சை குத்தியது, பின்னால் உள்ள வாசல் போதும். இணையத்தில் எடுத்த படமானால் படத்தேடலில் மூலம் அகப்பட்டுவிடும். லேசான மங்கலையும் பெரிய கட்டமொசைக்கையும் ஓரளவு திரும்ப ஊகிக்கவும் முடியும். மறைத்தே ஆகவேண்டும் என்றால் ஒரே நிறத்தில் அடைத்து, படத்திருத்த மென்பொருளின் அடுக்குகளை (லேயர்) ஒன்றாக்கிப் புதுக் கோப்பாகச் சேமியுங்கள். கோப்புக்குள் ஒளிந்திருக்கும் இடம், நேரம், கருவித் தகவலையும் நீக்குங்கள்.

அனுமதியை ஒரே கையெழுத்தில் வாங்காதீர்கள். எடுக்க, ஆய்வில் பயன்படுத்த, வகுப்பில் காட்ட, அச்சிட, இணையத்தில் போட என்று தனித்தனிக் கட்டம் வையுங்கள். ஒன்றுக்குச் சரி என்றவர் இன்னொன்றுக்கு மறுக்கலாம். எடுத்த படத்தை அவரிடமே காட்டிய பிறகுதான் கடைசி இரண்டு கட்டத்தையும் நிரப்பச் சொல்ல வேண்டும். மனம் மாறினால் எந்தத் தேதிக்குள் சொல்லலாம் என்பதையும் அதே தாளில் எழுதி, ஒரு நகல் அவர் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள்.