பேஷன்ட்டா நடிக்க ஆள் வைக்க பட்ஜெட் இல்ல, என்ன பண்றது?

கேள்வி: மெடிக்கல் காலேஜ்ல அசிஸ்டென்ட் புரொபசர் நான். ஏட்காம் (பேஷன்ட்கிட்ட நடந்துக்கற விதம், நெறிமுறை, பேசற முறை சொல்லித்தர்ற பாடம்) கிளாஸ்ல பசங்களையே டாக்டர், பேஷன்ட்னு ரோல் ப்ளே பண்ணச் சொன்னா சிரிச்சே கெடுத்துடறாங்க. வெளி ஆளுங்கள வச்சு பண்ணலாம்னா நடிகர்களுக்குக் கொடுக்கக் காசு இல்ல. வேற வழி இருக்கா சார்?

பதில்: நடிகரே வேணாம்ங்க. 1963ல அமெரிக்காவுல, சதர்ன் கலிஃபோர்னியா யுனிவர்சிட்டில ஹோவர்ட் பாரோஸ்ங்கற நியூராலஜி டாக்டர் இத ஆரம்பிச்சப்ப, ஓவியர்களுக்கு போஸ் கொடுக்கற ஒரு மாடலுக்குத்தான் சொல்லிக்கொடுத்து மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்ங்கற நரம்பு வியாதி பேஷன்ட்டா உட்கார வச்சாரு. ரிட்டயர்டு டீச்சர், வீட்ல இருக்கற அம்மாக்கள்னு நாலஞ்சு பேர் போதும், பஸ் காசும் சாப்பாடும் கொடுத்துடுங்க, ஆனா ஆஸ்பத்திரி ஸ்டாஃப் மட்டும் வேணாம், தெரிஞ்ச முகத்தப் பார்த்தா பசங்க திரும்ப சிரிப்பாங்க.

உழைக்க வேண்டியது ரோல் கார்டுலதான், அதாவது நடிக்கறவங்களுக்கு எழுதிக் கொடுக்கற குறிப்புல. பல பேர் அதுல வியாதியோட அறிகுறிய மட்டும் எழுதிட்டு விட்டுடறாங்க, அது வேஸ்ட். உதாரணத்துக்கு சுகர் பேஷன்ட் ஒருத்தங்க, இன்சுலின நிறுத்தி ரெண்டு மாசம் ஆச்சு, நாட்டு மருந்து குடிக்கறாங்க, ஏன்னா ஊசி போட ஆரம்பிச்சா கடைசி ஸ்டேஜ்னு பக்கத்து வீட்ல சொல்லிட்டாங்க. "மருந்து ஒழுங்கா எடுக்கறீங்களா?"ன்னு அதட்டலா கேட்டா "ஆமா டாக்டர்"தான் பதில், "ஊசி போட்டுக்கறதுல ஏதாவது கஷ்டம் இருக்காம்மா?"ன்னு கேட்டுட்டு கொஞ்சம் பொறுத்தா மட்டும் உண்மைய சொல்லணும், இத கார்டுலயே எழுதிடுங்க. கூடவே எல்லாத்துக்கும் தானே பதில் சொல்ற ஒரு மகனையும் உட்கார வைங்க, நம்ம ஓபில தினம் நடக்கறதுதானே!

எட்டு நிமிஷம் பேச விட்டா, பத்து நிமிஷமாவது ஃபீட்பேக்குக்கு வேணும். முதல்ல ஸ்டூடன்ட் பேசட்டும், அடுத்து அந்த அம்மா பேஷன்ட்டாவே "நான் பயமா இருக்குன்னு சொன்னப்ப நீங்க எழுதிக்கிட்டே இருந்தீங்க, அப்புறம் எனக்கு சொல்லத் தோணல"ங்கற மாதிரி சொல்லட்டும், "உங்க கம்யூனிகேஷன் சரியில்ல"ன்னு சொன்னா யாருக்கும் ஒண்ணும் விளங்காது. நீங்க கடைசியா பேசுங்க, அதுவும் கம்மியா.

மார்க் இப்போதைக்கு வேணாம். ஆஸ்கி, அதாவது ஸ்டூடன்ட் ஒவ்வொரு ஸ்டேஷனா போய் செஞ்சு காட்டற பிராக்டிகல் எக்ஸாமுக்குன்னா எல்லா ஸ்டூடன்ட்டுக்கும் ஒரே மாதிரி நடிக்கணும், அதுக்கு தனி ட்ரெய்னிங் தேவைப்படும்.

இன்னொண்ணு, கேன்சர் விஷயத்த சொல்ற மாதிரி கேஸ் போட்டா, வீட்ல சமீபத்துல அப்படி ஒரு இழப்பு இருந்தவங்கள நடிக்க வைக்காதீங்க, முன்னாடியே கேட்டுடுங்க. முடிஞ்சதும் அவங்க சொந்தப் பேர சொல்லிக் கூப்பிட்டு, டீ கொடுத்து, கொஞ்ச நேரம் வேற கதை பேசிட்டு வீட்டுக்கு அனுப்புங்க.