பனியில் ஓர் இரவு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பனி மூடிய மலைப்பாதைகளில் குழுவாக வண்டி ஓட்டிச் சென்று, கூடாரமடித்துத் தங்குவது குறித்து வந்த கேள்விகளை இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒரே பொருளைப் பற்றிய கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: ஐந்து வண்டிகள், பதினோரு பேர். கோடையில் இரண்டு மணி நேரத்தில் ஏறி முடித்த ஒரு மண்பாதையில், பனிக்காலத்தில் ஏறி, மேலே ஓர் இரவு தங்கிவிட்டு மறுநாள் இறங்க விரும்புகிறோம். ஐந்துமே நான்கு சக்கர இயக்கம் கொண்ட வண்டிகள். திட்டமிடலை எங்கிருந்து தொடங்குவது?

பதில்: மாலையிலிருந்து தொடங்குங்கள். காலையில் எத்தனை மணிக்குக் கிளம்புவது என்பதைத்தான் பெரும்பாலான குழுக்கள் முதலில் பேசி முடிக்கின்றன. பனியில் அது கடைசியாக முடிவாக வேண்டிய விஷயம். சூரியன் மறையும் நேரத்தை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். கூடாரம் நிற்கவேண்டிய இடத்தை மிதித்து இறுக்கி, அது கெட்டிப்படும்வரை காத்திருந்து, கூடாரங்களை நிறுத்தி, சமைத்துச் சாப்பிட்டு, ஈரமான உடைகளை மாற்றி முடிக்க, புதியவர்கள் கலந்த ஒரு குழுவுக்கு இரண்டரை மணி நேரமாவது பிடிக்கும். அதில் பெரும்பகுதி வெளிச்சத்திலேயே நடந்தாக வேண்டும். சூரியன் ஐந்தரை மணிக்கு மறையும் என்றால், மூன்று மணிக்கு வண்டிகள் நின்றுவிட வேண்டும். அப்போது எங்கே இருக்கிறீர்கள் என்பது பொருட்டல்ல. ஆகவே வரைபடத்தில் உச்சியை மட்டும் குறித்து வைக்காமல், வழியில் தங்கத்தக்க இடங்கள் இரண்டு மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். அவற்றில் கடைசியைக் குறிப்பிட்ட மணிக்குள் தொட முடியாவிட்டால் முந்தைய இடத்திலேயே தங்குவது என்று வீட்டிலேயே பேசி முடித்துவிட வேண்டும். மலையில் வைத்துப் பேசினால் "இன்னும் ஒரே ஒரு வளைவுதான்" என்று சொல்ல எப்போதும் ஒருவர் இருப்பார்.

கோடையில் ஆன இரண்டு மணி நேரத்தை மறந்துவிடுங்கள். முழங்காலளவு புதுப்பனியில் முதல் வண்டி பாதையை உழுதுகொண்டுதான் போக முடியும். பத்து இருபது மீட்டர் முன்னேறும். பம்பருக்கு முன்னால் பனி குவிந்ததும் நிற்கும். தன் தடத்திலேயே பின்வாங்கி மறுபடி முட்டும். ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஒரு மணி நேரம் ஆனதை நானே அனுபவித்திருக்கிறேன். முன்னால் செல்பவர் சீக்கிரம் களைத்துவிடுவார் என்பதால், அந்த இடத்தை மாறி மாறி எடுத்துக்கொள்ளுங்கள்.

வரிசையைப் பொறுத்தவரை, பனியில் நன்றாக ஏறக்கூடிய வண்டி முதலிலும், அதற்கு அடுத்த திறனுள்ள வண்டி கடைசியிலும், அனுபவம் குறைந்த ஓட்டுநர்கள் நடுவிலும் வரட்டும். ஒவ்வொருவரும் தனக்குப் பின்னால் வரும் வண்டிக்குத்தான் பொறுப்பு. கண்ணாடியில் அது தெரியாவிட்டால் நின்றுவிட வேண்டும். எல்லா வண்டியிலும் வாக்கி டாக்கி இருக்க வேண்டும். ஐந்து வண்டிகள் என்பது நல்ல எண்ணிக்கை. எட்டு, பத்து என்று போனால், யாராவது ஒருவர் எப்போதும் சிக்கிக்கொண்டிருப்பார், மற்றவர்கள் எப்போதும் காத்துக்கொண்டிருப்பார்கள். ஒற்றை வண்டியாகப் போவதைப் பற்றி நான் பேசுவதாகவே இல்லை. கிளம்பும் முன், பாதை, ஆட்கள், வண்டிகள், திரும்பும் நேரம் ஆகியவற்றையும், எத்தனை மணிவரை தகவல் வராவிட்டால் உதவி கேட்க வேண்டும் என்பதையும் ஊரில் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: டயர் காற்றைக் குறைத்தால் பனியில் புதையாமல் போகலாம் என்கிறார்கள். எவ்வளவு குறைப்பது? அப்படியும் சிக்கினால் என்ன செய்வது?

பதில்: சாலையில் 32 முதல் 35 பிஎஸ்ஐ வரை வைத்திருக்கும் டயரை, பனி தொடங்கும் இடத்தில் 15 முதல் 18 வரை இறக்கிப் பாருங்கள். காற்று குறையும்போது டயரின் தடம் அகலமாவதைவிட நீளமாவதுதான் அதிகம்; வண்டியின் எடை கூடுதல் பரப்பில் பரவுவதால் பனியை வெட்டி இறங்காமல் அதன்மேல் மிதக்கிறது. சாதாரண ரிம்மில் 12-க்குக் கீழே போகாதீர்கள். திருப்பத்தில் டயர் ரிம்மிலிருந்து கழன்றுவிடக்கூடும், உறைபனியில் அதை மறுபடி ஏற்றுவது பெரும்பாடு. ஒன்றை மட்டும் கவனத்தில் வையுங்கள்: வெப்பநிலை ஐந்தரை டிகிரி செல்சியஸ் குறையும்போதெல்லாம் டயரின் அழுத்தமும் ஏறத்தாழ ஒரு பிஎஸ்ஐ தானாகக் குறையும். கீழே 20 டிகிரியில் அளந்ததை மேலே மைனஸ் 10-இல் நம்ப முடியாது. அளவுமானியும், திரும்பும்போது காற்றேற்ற கம்ப்ரசரும் குழுவில் குறைந்தது இரண்டாவது இருக்கட்டும்.

சிக்கிய பிறகு செய்யக்கூடாத ஒன்றைத்தான் எல்லோரும் முதலில் செய்கிறார்கள். ஆக்சிலரேட்டரை அழுத்துகிறார்கள். சக்கரம் சுழன்று அடியிலுள்ள பனியை உருக்குகிறது, உருகியது உடனே உறைந்து கண்ணாடிபோல ஆகிவிடுகிறது; நான்கைந்து விநாடியில் சிக்கல் இரண்டு மடங்காகிவிடும். சக்கரம் நழுவுவதாகத் தெரிந்தவுடன் காலை எடுத்துவிட்டு, வந்த தடத்திலேயே மெதுவாகப் பின்னால் வாருங்கள். அது நடக்கவில்லையென்றால் இறங்கிக் குனிந்து பாருங்கள். பெரும்பாலும் சக்கரத்தில் குற்றம் இருக்காது. வண்டியின் அடிவயிறு பனிமேட்டில் உட்கார்ந்து, சக்கரங்கள் அரைகுறையாகத் தொங்கிக்கொண்டிருக்கும். முதலில் அடியிலுள்ள பனியைச் சுரண்டி எடுத்துவிட்டு, பிறகே சக்கரங்களுக்கு முன்னால் வழி செய்யுங்கள். இதற்கு நீளக் கைப்பிடியுள்ள மண்வாரி வேண்டும். மடக்கி வைக்கும் சிறிய மண்வாரியை வைத்துக்கொண்டு மண்டியிட்டுத் தோண்டினால், பத்து நிமிடத்தில் கையுறையும் கால்சட்டையும் நனைந்துவிடும். அந்த ஈரம் இரவில் வந்து கணக்குக் கேட்கும்.

இழுக்கும்போது, நீண்டு சுருங்கும் தன்மையுள்ள மீட்புக் கயிற்றையே பயன்படுத்துங்கள். அதை வண்டியின் சட்டத்தோடு இணைந்த மீட்புக் கொக்கியில் மட்டுமே மாட்டுங்கள். பின்னால் டிரெய்லர் பூட்டும் உருண்டையில் ஒருபோதும் மாட்டாதீர்கள். அது முறிந்து, பீரங்கிக் குண்டுபோலப் பறந்து வந்து ஆட்களைக் கொன்றிருக்கிறது. மற்ற எல்லோரும் கயிற்றின் நீளத்தைப்போல ஒன்றரை மடங்கு தள்ளி நிற்கட்டும். வின்ச் (கம்பியைச் சுருட்டி வண்டியை இழுக்கும் கருவி) இருந்தும் கட்டுவதற்கு மரமோ பாறையோ இல்லையென்றால், ஸ்டெப்னி டயரைக் குழி தோண்டிப் புதைத்து நங்கூரமாக்கலாம். உழைப்பு அதிகம், ஆனால் பிடிக்கும்.

கேள்வி: இரவு முழுவதும் குளிரில் நிற்கும் டீசல் வண்டி காலையில் கிளம்புமா?

பதில்: டீசலைப் பொறுத்தது. கோடைக்கால டீசலில், வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே சில டிகிரி சென்றதுமே மெழுகுத் துகள்கள் பிரிந்து வடிகட்டியை அடைக்கத் தொடங்கலாம். ஊரில் நிரப்பிய டீசலோடு வராமல், குளிர்ப்பகுதிக்குள் நுழைந்த பிறகு அங்கு விற்கும் குளிர்கால டீசலை நிரப்பி, அது வடிகட்டிவரை சென்று சேரும் அளவுக்கு வண்டியை ஓட்டிவிடுங்கள். பனியில் எரிபொருள் வழக்கத்தைப்போல இரண்டு மடங்கு செலவாகும் என்றே கணக்கிடுங்கள். மைனஸ் 18 டிகிரியில் சாதாரண பேட்டரியின் திறன் ஏறக்குறையப் பாதியாகிவிடும். வயதான பேட்டரியைப் பயணத்துக்கு முன்பே மாற்றிவிடுவது நல்லது. எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்டும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்திருந்தால் மைனஸ் 35 வரை கவலையில்லை.

ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். என் முதல் பனிப்பயணத்தில் பழக்கதோஷத்தில் இழுத்துவிட்டேன். ஈரமான பிரேக் அப்படியே உறைந்து, காலையில் பின்சக்கரங்கள் இரண்டும் சுழலாமல் சறுக்குக்கட்டைகளைப்போல இழுபட்டன. சமதரையில் நிறுத்தி, கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்தால் போதும். வைப்பர்களையும் தூக்கி நிறுத்திவிடுங்கள்.

கேள்வி: என் தூக்கப்பையில் மைனஸ் 10 என்று போட்டிருக்கிறது. ஆனால் மைனஸ் 5-லேயே நடுங்கினேன். ஏமாற்றப்பட்டேனா?

பதில்: ஏமாற்று என்று சொல்ல முடியாது, எந்த எண்ணைப் படித்தீர்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. தரப்படி சோதிக்கப்பட்ட பைகளில் வசதி வெப்பநிலை, எல்லை வெப்பநிலை என இரண்டு எண்கள் உண்டு. எல்லை எண் என்பது, சுருண்டு படுத்து ஒருவாறு சமாளிக்கக்கூடிய அளவு. வெளியே பெரிதாக அச்சிடப்படுவது பெரும்பாலும் அதுதான். நீங்கள் வாங்கும்போது வசதி எண்ணைப் பாருங்கள், எதிர்பார்க்கும் குளிரைவிட ஐந்தாறு டிகிரி கூடுதலாகத் தாங்குவதை எடுங்கள்.

ஆனால் உங்கள் நடுக்கத்துக்குப் பை காரணமாக இல்லாமலும் இருக்கலாம். உடலின் எடையால் பைக்கு அடியிலுள்ள பஞ்சு நசுங்கிவிடுகிறது. கீழிருந்து வரும் குளிரைத் தடுப்பது விரிப்பு மட்டுமே. விரிப்புகளின் தடுப்புத்திறனை ஆர் எண் என்று குறிப்பிடுவார்கள். பனியின் மேல் படுக்க அது ஐந்துக்கு மேல் இருக்க வேண்டும். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு விரிப்புகளைப் போட்டால் இரண்டு எண்களையும் கூட்டிக்கொள்ளலாம் என்பதால், காற்றடைக்கும் மெத்தையின் அடியில் சாதாரண ஃபோம் விரிப்பு ஒன்றைப் போடுவது மலிவான, நிச்சயமான வழி. காற்று மெத்தை நள்ளிரவில் ஓட்டையானாலும் அது காப்பாற்றும்.

இடமும் முக்கியம். குளிர்ந்த காற்று கனமானது, பள்ளத்தில் போய்த் தேங்கும்; பள்ளத்தாக்கின் அடியை விட்டு, காற்றுக்கு மறைவான சற்று உயர்ந்த இடத்தைப் பாருங்கள். கூடாரம் போடும் இடத்தைப் பூட்ஸ் காலால் நெருக்கமாக மிதித்துவிட்டு, அரை மணி நேரம் அப்படியே விட்டுவிடுங்கள். மிதிக்கும்போது மாவுபோல உதிர்ந்த பனி, பிறகு கால் வைத்தால் பலகைபோல ஒலிக்கும்; துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி இறுகியிருக்கும். இந்த அரை மணியைச் சேமிக்க நினைப்பவர்கள், தங்கள் உடல் வடிவத்திலேயே குழி விழுந்து உறைந்த தரையில் விடியும்வரை புரள்வார்கள். சாதாரண முளைகள் பனியில் நிற்காது. சிறிய பைகளில் பனியை நிரப்பி, கயிற்றைக் கட்டிப் புதைத்து, மேலே மிதித்துவிடுங்கள்.

படுக்கும் முன் கொழுப்புள்ள எதையாவது சாப்பிடுங்கள், உலர்ந்த காலுறை அணியுங்கள், கசியாத பாட்டிலில் வெந்நீர் நிரப்பித் தொடைகளுக்கிடையே வைத்துக்கொள்ளுங்கள். பைக்குள் தலையை மறைத்து மூச்சு விடாதீர்கள். மூச்சின் ஈரம் பஞ்சை நனைக்கும். சிறுநீரை அடக்கிக்கொண்டு படுத்தால் தூக்கம்தான் கெடும், எழுந்து போய்விட்டு வந்துவிடுங்கள்.

கேள்வி: குளிர் தாங்காவிட்டால் வண்டிக்குள் ஹீட்டரைப் போட்டுத் தூங்கலாமா? கூடாரத்துக்குள் அடுப்பு வைத்துக்கொள்ளலாமா?

பதில்: இரண்டும் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு அது ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பிடிப்போடு ஒட்டிக்கொள்கிறது. பனி பெய்து சைலன்சர் குழாய் மூடிவிட்டால் புகை வண்டிக்கு அடியில் தேங்கி உள்ளே ஏறும், உறங்குபவருக்குத் தெரியாது. இறுக மூடிய கூடாரத்தில் அடுப்பும் கரியும் அதே வேலையைச் செய்யும். தலைவலி, குமட்டல், காரணமில்லாத சோர்வு ஆகியவை பலருக்கு ஒரே நேரத்தில் வந்தால், காரணம் தேடிக்கொண்டிருக்காமல் எல்லோரையும் வெளியே கொண்டுவாருங்கள். வண்டியின் வெப்பத்தைப் பயன்படுத்தியே ஆக வேண்டும் என்றால், குழாயைச் சுற்றிப் பனியை அகற்றி, ஒரு ஜன்னலைச் சற்றுத் திறந்து, எல்லோரும் விழித்திருக்கும்போது சிறிது நேரம் மட்டும் எஞ்சினை ஓட்டுங்கள்.

கேள்வி: சுற்றிலும் பனி இருக்கும்போது தண்ணீர் சுமந்து செல்ல வேண்டுமா? கேஸ் அடுப்பு குளிரில் மங்கிவிடுகிறது, ஏன்?

பதில்: வண்டியில் செல்பவர்கள் தண்ணீரைச் சுமந்து செல்வதே சரி. பூஜ்யம் டிகிரிப் பனியை அதே பூஜ்யம் டிகிரித் தண்ணீராக மாற்ற ஆகும் வெப்பத்தைக் கொண்டு, அந்தத் தண்ணீரை ஏறக்குறைய 80 டிகிரிவரை சூடாக்கிவிடலாம்; எரிபொருள் அவ்வளவு வீணாகிறது. புதுப்பனி பத்து லிட்டர் அள்ளினால் ஒரு லிட்டர் தண்ணீர் தேறும். உருக்க நேர்ந்தால் பாத்திரத்தின் அடியில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, பனியைச் சிறிது சிறிதாகச் சேருங்கள். வெறும் பனியை வைத்தால் பாத்திரம் தீய்ந்துவிடும். பாட்டில்களைத் தலைகீழாக வையுங்கள். மேற்பகுதிதான் முதலில் உறையும் என்பதால் மூடிப்பக்கம் திறக்க வரும்.

கேஸைப் பொறுத்தவரை, பியூட்டேன் மைனஸ் 0.5 டிகிரியிலும், ஐசோபியூட்டேன் மைனஸ் 12 டிகிரியை ஒட்டியும், புரொப்பேன் மைனஸ் 42 டிகிரியிலும் ஆவியாகும். கலவைச் சிலிண்டரில் புரொப்பேன் முதலில் தீர்ந்துபோக, மிச்சமிருப்பது குளிரில் திரவமாகவே கிடக்கும். பெட்ரோல் வகைத் திரவ எரிபொருளில் இயங்கும் அடுப்பு ஒன்றாவது குழுவில் இருக்கட்டும்.

கேள்வி: எங்கள் பாதை மிதமான ஏற்றம்தான். பனிச்சரிவைப் பற்றிக் கவலைப்பட வேண்டுமா?

பதில்: பாதையின் ஏற்றத்தைப் பார்க்காதீர்கள், பாதைக்கு மேலே என்ன இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலான பனிச்சரிவுகள் 30 முதல் 45 டிகிரி சாய்வுகளில்தான் தொடங்குகின்றன. அவை வந்து விழும் இடம் தட்டையாகக்கூட இருக்கலாம். அத்தகைய சரிவின் அடியில் வண்டியை நிறுத்தவோ கூடாரமடிக்கவோ கூடாது. கடக்க நேர்ந்தால் ஒவ்வொரு வண்டியாகக் கடக்க வேண்டும். பனிச்சரிவு எச்சரிக்கை ஐந்து படிநிலைகளில் வெளியாகும் பகுதிகளில், மூன்றாம் படியிலோ அதற்கு மேலோ இருந்தால் வேறு பாதையைத் தேர்ந்தெடுங்கள். கனத்த பனிப்பொழிவு முடிந்த அடுத்த ஒன்றிரண்டு நாள்களில் வானம் பளிச்சென்று இருக்கும். அந்த நாள்கள்தான் எல்லோரையும் இழுக்கும், அபாயமும் அப்போதுதான் அதிகம்.

கேள்வி: நடுவழியில் ஒருவர் மட்டும் திரும்ப விரும்பினால்?

பதில்: காரணத்தைக் கேட்காமல் மதியுங்கள். ஆனால் ஒரு வண்டியைத் தனியாக அனுப்பக் கூடாது. குறைந்தது இரண்டு வண்டிகள், அவற்றில் ஒன்றில் மீட்புக் கயிறும் மண்வாரியும் கம்ப்ரசரும் இருக்க வேண்டும். மேலே தங்குபவர்களிடமும் அதே பொருள்கள் இன்னொரு தொகுதி இருக்க வேண்டும். உங்களிடம் ஒரே தொகுதிதான் இருக்கிறது என்றால், ஐந்து வண்டிகளும் சேர்ந்தே இறங்குங்கள்.