துவக்கை விடுங்கள், தேத்தண்ணிக் கோப்பையைக் கவனியுங்கள்

கேள்வி: மகனுக்கு 15 வயது. இரவு 1, 2 மணிவரை போனில் பப்ஜி விளையாடுகிறான். "சுடடா, விடாதை, கொல்லடா" என்று கத்துகிறான். போனைப் பறித்தால் கதவை அடித்துச் சாத்துகிறான். ஒருநாள் யாரையாவது வெட்டிவிடுவானோ என்று பயமாக இருக்கிறது. கண் எரிகிறதாம். போனால் மூளையில் கட்டி வரும் என்று யூடியூபில் சொன்னார்கள். நரம்பும் தளர்ந்துவிட்டது போல, காலையில் கை உதறி இரண்டு தரம் தேத்தண்ணிக் கோப்பையை விழுத்திவிட்டான். நித்திரை வரட்டும் என்று பிரிட்டோன் குளிசை கொடுக்கிறேன். (ஒரு தாய், சுன்னாகம்)

பதில்: அந்தக் குளிசையை இன்றிரவே நிறுத்துங்கள் அம்மா. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

வெட்டமாட்டான். சண்டை விளையாட்டு விளையாடும் பிள்ளைகளிடம் கத்தல், தள்ளல் போன்றவை சற்றுக் கூடலாம். ஆனால் அது அவர்களை வன்முறையில் இறக்கிவிடும் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று அமெரிக்க உளவியல் சங்கம் 2020 இல் சொல்லிவிட்டது. அவன் கத்துவதும் பெரும்பாலும் மைக்கில் தன் அணிப் பெடியளோடுதான். ஒரு ஆட்டம் அரை மணிவரை போகும், நடுவில் நிறுத்திவைக்க வழியில்லை. பாதியில் பறித்தால் அணியையே கைவிட்டவனாகிறான், கோபம் கதவில் விழுகிறது. "இந்த ஆட்டத்தோடு சரி, 9 மணிக்குப் பிறகு புதிதாகத் தொடங்கக்கூடாது, போன் இரவில் என் அறையில்" என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். ஆட்களை அடிப்பது, நாய் பூனையை வதைப்பது, கத்தியை ஒளித்துவைப்பது என்று இருந்தால் அது வேறு கதை. அவன் எந்த விளையாட்டும் விளையாடாவிட்டாலும் உடனே காட்டவேண்டியது.

கண் எரிவது இமைக்காமல் பார்ப்பதால். மூளைக் கட்டியை யூடியூப்காரரிடமே விட்டுவிடுங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி தேத்தண்ணிக் கோப்பை. நீங்கள் அதை நரம்புத் தளர்ச்சிக்குள் போட்டு மூடிவிட்டீர்கள். தயவுசெய்து அதற்கு டொனிக் வாங்கப் போகவேண்டாம். நித்திரையால் எழும்பி ஒரு மணித்தியாலத்துக்குள்தான் கை உதறுகிறதா? மின்சாரம் பட்டதுபோல் ஒரு வெட்டு வெட்டி, பல் தீட்டும் பிரஷ், சீப்பு, கரண்டி எதுவும் கையை விட்டுப் பறக்கிறதா? அந்த நேரம் நினைவு தெளிவாக இருக்கிறதா? முதல்நாள் கண்முழித்திருந்தால் கூடுகிறதா? இவற்றுக்கு ஆம் என்றால் இளம்பருவ மயோகுளோனிக் வலிப்பைச் சந்தேகிக்கவேண்டும். 12 முதல் 18 வயதுக்குள் தொடங்குவது. பலருக்கு வருடக்கணக்கில் "கவனமில்லாத பிள்ளை" என்ற பேச்சோடு போய், ஒருநாள் இரவிரவாக முழித்திருந்துவிட்டு அடுத்த நாள் காலை முழு வலிப்பாக விழும்போதுதான் பிடிபடுகிறது.

விளையாட்டு இந்த நோயை உண்டாக்குவதில்லை; பிறவியிலேயே இருக்கும் போக்கு அது. நித்திரைக் குறைவு அதைக் கிளப்பும், சிலருக்குத் திரையின் வெளிச்சச் சிமிட்டலும் கிளப்பும். இந்த வயதுக்கு 8 முதல் 10 மணித்தியால நித்திரை வேண்டும். இரண்டு மணிக்குப் படுத்து ஆறு மணி ரியூசனுக்கு ஓடுபவனுக்கு அதில் பாதியும் கிடைக்காது. சிடுசிடுப்பில் பெரும்பங்கும் இதிலிருந்துதான். பிரிட்டோன் போன்ற தூக்கம் தரும் அலர்ஜிக் குளிசைகளோ, வலிப்பு வரக்கூடியவரிடம் அதை இன்னும் இலகுவாக்கிவிடக்கூடியவை. பார்மசியில் கேட்டவுடன் தருகிறார்கள் என்பதற்காக மிட்டாய் மாதிரிக் கொடுப்பதா?

நாளைக் காலையிலிருந்து, நீங்கள் குறைசொல்லும் அதே போனால் அந்த உதறலை வீடியோ எடுங்கள். வைத்தியருக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை. எழும்பிய நேரம், முதல்நாள் படுத்த நேரம் இரண்டையும் குறித்துக்கொண்டு இந்த வாரமே தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலைக்கோ யாழ். போதனா வைத்தியசாலைக்கோ கூட்டிப்போய், நரம்பியல் வைத்தியரிடம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். மூளையின் மின் அலைகளைப் பதியும் ஈ.ஈ.ஜி. சோதனை எடுப்பார்கள். ஒருமுறை சாதாரணமாக வந்தால் நோய் இல்லை என்று ஆகிவிடாது, ஆகவே வீடியோவை அழிக்கவேண்டாம்.

அதுவரை கிணற்றடியில் தனியே குளிக்க விடாதீர்கள், கீரிமலைக் கேணியும் வேண்டாம். விடியக்காலை ரியூசனுக்குச் சைக்கிளில் அனுப்பாமல் யாராவது ஏற்றிப்போகட்டும். வலிப்பு வந்தே விட்டால் ஒருக்களித்துக் கிடத்துங்கள், வாய்க்குள் எதையும் வைக்காதீர்கள், கையில் திறப்பைத் திணிப்பதால் ஒன்றும் ஆகாது. மணிக்கூட்டைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் 1990 அம்புலன்சுக்கு அழையுங்கள்.

இன்னொன்று. பக்கத்து வீட்டில் யாரும் வலிப்புக்குக் கார்பமசெபின் போடுகிறார்கள் என்று அதில் இரண்டை வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். இந்த வகை உதறலை அது கூட்டிவிடக்கூடும்.