காலியாகும் ஊர்க்கோயில்கள் – கடிதம்

அன்புள்ள அண்ணாச்சி,

சாத்தான்குளம் பக்கம் ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் கமிட்டி உறுப்பினராக இருக்கிறேன். நான் சின்னப் பையனாக இருந்தபோது ஞாயிறு ஆராதனைக்கு இரண்டாம் மணி அடிப்பதற்குள் போகாவிட்டால் பாயில் இடம் கிடைக்காது. இப்போது ஆண்கள் பக்கம் நாலைந்து பெரியவர்கள்தான். வாலிபர்கள் திடப்படுத்தல் (சபையில் முழு உறுப்பினராகச் சேர்க்கும் சடங்கு) முடிந்த கையோடு நின்றுவிடுகிறார்கள். சிலர் டவுனில் நடக்கும் பெந்தெகொஸ்தே கூட்டத்துக்குப் போகிறார்கள். எல்.இ.டி. திரையும் டிரம்ஸும் வாங்கலாம், ஆராதனை நேரத்தைக் குறைக்கலாம் என்று கமிட்டியில் பேச்சு நடக்கிறது. இங்கிலாந்தில் கோயில்களை விற்கிறார்கள் என்று படித்தால் நமக்கும் அதே கதிதானோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

இங்கிலாந்தை முதலில் ஒதுக்கி வைத்துவிடுவோம். இங்கிலாந்து, வேல்ஸ் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தங்களைக் கிறிஸ்தவர் என்று சொன்னவர்கள் 2011-ல் 59.3 சதவீதம். 2021-ல் அது 46.2 ஆகிவிட்டது. அங்கே ஜனங்கள் அந்தப் பெயரையே விட்டுக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் ஊரில் யாரும் பெயரை விடவில்லை. பிள்ளைக்கு ஞானஸ்நானம் என்றால் ஊர்க்கோயிலுக்குத்தான் வருகிறார்கள். கோயிலில் ஊரே கூடிச் சாப்பிடும் அசனப் பண்டிகைக்குச் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்து இறங்கி, பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறார்கள். அங்குள்ளவர்கள் தங்கள் நிலைமைக்குக் கண்டுபிடித்த வைத்தியத்தை அப்படியே இங்கே கொண்டுவந்தால் நமக்குச் சேராது.

நம் பக்கத்துக் கோயில்கள் காலியானதற்கு முதல் காரணம் நம் சபைகள் நடத்திய பள்ளிக்கூடங்கள்தான். நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை, பெருமையாகவே சொல்கிறேன். நாசரேத்திலும் மெஞ்ஞானபுரத்திலும் சாயர்புரத்திலும் விடுதியில் தங்கிப் படித்த பிள்ளைகள் வாத்தியார் ஆனார்கள், நர்ஸ் ஆனார்கள். பனையேறிய குடும்பத்தில் அடுத்த தலைமுறை பனை ஏற வேண்டிய அவசியம் இல்லாமல் போனது. படித்தவர்களுக்கு இந்தச் செம்மணல் தேரிக்காட்டில் என்ன வேலை இருக்கிறது? போனார்கள். இன்றைக்கு மும்பையிலும் பெங்களூரிலும் தமிழ் ஆராதனைக்குப் போய்ப் பாருங்கள், பாதிப் பேர் நம் ஊர்க்காரர்களாக இருப்பார்கள். அவர்கள் சபையை விட்டுப் போனவர்கள் என்று யாரும் சொல்ல முடியாது.

அதனால் ஞாயிற்றுக்கிழமை தலை எண்ணுவதை நிறுத்திவிட்டுச் சபைப் பதிவேட்டைக் கையில் எடுங்கள். வெளியூரில் இருப்பவர்கள் பெயரைத் தனியாகக் குறியுங்கள், அவர்கள் அங்கே ஒரு சபையில் இருக்கிறார்களா என்று ஒரு போன் போட்டு விசாரித்தால் போதும். முடியாமல் படுக்கையில் கிடப்பவர்கள் இருப்பார்கள். அவர்களுக்கு மாதம் ஒருமுறையாவது திருவிருந்து (நற்கருணை) வீட்டுக்குப் போகிறதா என்று பாருங்கள். இந்த இரண்டு கூட்டத்தையும் கழித்த பிறகு மிஞ்சுகிறவர்கள், அதாவது ஊரிலேயே இருந்துகொண்டு வராமல் இருப்பவர்கள், நீங்கள் பயப்படுகிற அளவுக்கு இருக்க மாட்டார்கள். ஆனால் அவர்களைப் பற்றித்தான் சபை உட்கார்ந்து யோசிக்க வேண்டும்.

இவர்களில் சிலர் 2020-ல் கோயில் பூட்டியபோது நின்றவர்கள். அடுத்த வருஷமும் வெள்ளி, சனி, ஞாயிறு வழிபாட்டுத் தலங்களுக்குப் போகக்கூடாது என்று அரசாங்கம் சொன்ன காலம் ஒன்று வந்ததே, அதோடு பழக்கம் விட்டுப்போனது. யூடியூப்பில் ஆராதனை பார்த்தால் போதும் என்று ஆகிவிட்டது. இவர்களை யாராவது போய்க் கூப்பிட்டாலே வந்துவிடுவார்கள். மற்றவர்கள் மனம் நொந்து நின்றவர்கள். எனக்குத் தெரிந்த ஒரு சபையில், சங்கக் காணிக்கை (சபையார் கட்டும் சந்தா) பாக்கி இருக்கிறது என்று சொல்லி ஒருவருடைய தகப்பனார் இறந்த அன்று சாவு மணியடிக்கத் தாமதம் செய்தார்கள். பாக்கியை யார் யாரிடமோ கைமாற்று வாங்கிக் கட்டிய பிறகுதான் மணி அடித்தது. அந்த மகன் அதன்பிறகு கோயில் வாசலை மிதிக்கவில்லை. அவருக்கு விசுவாசம் குறைந்துவிட்டது என்று கமிட்டியில் பேசிக்கொண்டார்கள். எனக்கு இதைக் கேட்டபோது தாங்கவே முடியவில்லை. சபைத் தேர்தல் காலத்தில் நடக்கிற அடிதடியும் கோர்ட் வழக்கும் பார்த்து வெறுத்துப்போன வாலிபர்களும் இந்தக் கணக்கில்தான் வருவார்கள். எத்தனை பெரிய திரை வைத்தாலும் இவர்கள் திரும்பி வரப் போவதில்லை.

நம் சபைகள் எப்படி உண்டாயின? நம் பக்கத்து முதலூர் 1799-ல் உருவானபோது முன்னால் நின்றவர் தாவீது சுந்தரானந்தம் என்ற உபதேசியார். 1820-ல் மிஷனரி ரேனியஸ் ஐயர் பாளையங்கோட்டைக்கு வந்த பிறகு நூற்றுக்கணக்கான கிராமங்களில் சபை எழும்பியது. அத்தனை ஊருக்கும் அவர் ஒருவர் போயிருக்க முடியுமா? ஊருக்கு ஊர் உபதேசியார் இருந்தார். அந்த ஊரிலேயே குடியிருந்து, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லி, சாயங்காலம் மணியடித்து ஜெபம் நடத்தி, வீடு வீடாகப் போய்வந்தார். யார் வீட்டில் காய்ச்சல், யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது அவருக்குத் தெரியும். வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா, இந்திய மிஷனரி சங்கம் 1903-ல் தொடங்க முன்னின்றவர், பிற்பாடு தெலுங்கு நாட்டில் தோர்ணக்கல்லில் பேராயராக இருந்தபோது கிராம ஊழியர்களை மனைவியோடு சேர்த்தே பயிற்சிக்கு எடுத்தார். அடுப்படி வரைக்கும் போய்ப் பேச பெண்களால்தானே முடியும்?

இன்றைக்கு ஒரு சேகரத்தில், அதாவது பக்கத்துப் பக்கத்துச் சபைகள் சேர்ந்த வட்டாரத்தில், பல கோயில்களை ஒரே குருவானவர் பார்க்கிறார். ஊரைத் தெரிந்துகொள்வதற்குள் மாற்றலாகிவிடுகிறார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. வீடு சந்திப்பைச் சபையார்தான் எடுத்துச் செய்ய வேண்டும். பெண்கள் ஐக்கிய சங்கத்தில் நல்ல பொறுப்பான அக்காமார் இருப்பார்கள், முதலில் அவர்களைக் கேளுங்கள். தெருவைப் பிரித்துக்கொண்டு இரண்டிரண்டு பேராகப் போகட்டும். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம், காணிக்கை ரசீது புத்தகத்தைக் கொண்டுபோகக் கூடாது. ‘ஏன் கோயிலுக்கு வரவில்லை’ என்றும் கேட்கக் கூடாது. சும்மா போய் உட்கார்ந்து பேசிவிட்டு, அவர்கள் விரும்பினால் ஒரு சின்ன ஜெபம் செய்துவிட்டு வரட்டும். மனத்தாங்கலைச் சொன்னால் பதில் சொல்லாமல் கேட்டுக்கொள்ளட்டும். சபை தவறு செய்திருந்தால் கமிட்டியே நேரில் போய் மன்னிப்புக் கேட்கத் தயாராக இருக்க வேண்டும்.

ஆராதனை நேரத்தைப் பற்றி என் அபிப்பிராயம் இது. கீர்த்தனையிலும் பாமாலையிலும் கை வைக்காதீர்கள், வேதபாடத்தையும் குறைக்காதீர்கள். அறிவிப்புகளும் காணிக்கைப் பட்டியலும் சேர்ந்து ஒரு பிரசங்க நேரத்தைத் தின்கின்றன. அவற்றை எழுதி வாசலில் ஒட்டிவிடலாம். ஆராதனை முடிந்து காணிக்கையாக வந்த கோழியும் தேங்காயும் ஏலம் விடுவீர்களே, அது இருக்கட்டும், ஜனங்கள் நின்று பேசுவது அங்கேதான். டிரம்ஸ் வேண்டுமா என்று வாலிபர்களையே கேளுங்கள். பாடம் வாசிக்கவும் ஓய்வுநாள் பள்ளி நடத்தவும் வாட்ஸ்அப் குழுவைப் பார்த்துக்கொள்ளவும் அவர்களிடம் கொடுங்கள். திடப்படுத்தலோடு நின்றுவிடுகிறார்கள் என்கிறீர்களே, திடப்படுத்தல் முடிந்த பையனிடம் அடுத்த ஞாயிறு என்ன பொறுப்பைக் கொடுத்தீர்கள்?

பெந்தெகொஸ்தே கூட்டத்துக்குப் போகிறவர்களைப் பற்றிக் கடைசியாக. அங்கே பாஸ்டர் அவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார், வேலை கிடைக்க வேண்டும் என்று தலையில் கை வைத்து ஜெபிக்கிறார், ஒரு வாரம் வரவில்லை என்றால் போன் பண்ணுகிறார். இது நம் உபதேசியார்கள் செய்த வேலைதான். அந்தப் பிள்ளைகளின் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்க வேண்டும் என்று கமிட்டியில் யாராவது தீர்மானம் கொண்டுவந்தால், நீங்கள் ஒருவராக நின்றாலும் சரி, எதிர்த்துப் பேசுங்கள். அவர்கள் வீட்டுக்கும் அக்காமாரை அனுப்புங்கள். திரை வாங்குகிற விஷயத்தை அசனம் முடியும்வரை தள்ளி வைக்கலாம்.

அன்புடன்