எந்தத் தாது வருஷம்?

கேள்வி: காரைக்குடியை அடுத்த எங்கள் பூர்வீக வீட்டிலிருந்த இசைகுடிமானங்களையும் (நகரத்தார் திருமண ஒப்பந்த ஏடுகள்), ரங்கூன் கிட்டங்கியிலிருந்து (வணிக விடுதி) எங்கள் மேலாள் எழுதிய கடிதங்களையும் ஸ்கேன் செய்து, ஜாக்ராபிட் என்ற ஆவணச் சேமிப்பு மென்பொருளின் களஞ்சியத்தில் ஏற்றியிருக்கிறோம். 1937 ஏப்ரல் 1-இல் பர்மா இந்தியாவிலிருந்து பிரிந்த பிறகு வந்த கடிதங்களை மட்டும் தேதி வைத்துத் தேடினால் எல்லாக் கடிதங்களும் வந்து நிற்கின்றன. என்ன பிழை?
– ஒரு வாசகர், தேவகோட்டை

பதில்: நீங்கள் தேடியது கடிதத்தின் தேதியை அன்று, அதைக் கணினியில் ஏற்றிய தேதியை என்று தோன்றுகிறது. ‘ஜே.சி.ஆர்:கிரியேட்டட்’ என்ற பண்பு (கோப்போடு சேர்த்து வைக்கும் ஒரு தகவல்), கோப்பு களஞ்சியத்துக்குள் வந்த நேரத்தைத் தானாகவே குறித்துக்கொள்வது. உங்கள் ஐயா காலத்துக் கடிதமும் அதன் கணக்கில் அண்மையில் பிறந்ததுதான் என்பதால், 1937-க்குப் பிந்தியவை எவை என்று கேட்டால் எல்லாவற்றையும் தருகிறது. எழுதிய நாளுக்குத் தனியாக ஒரு பண்பை நீங்களே ஏற்படுத்த வேண்டும்.

அந்தப் பண்பின் வகை ‘டேட்’ (தேதி) என்று இருப்பது அவசியம். ‘01-04-1937’ என்று வெறும் எழுத்துச் சரமாக வைத்தால் ஒப்பீடு இடப்பக்கத்திலிருந்து எழுத்தெழுத்தாக நடக்கும். அப்போது 1935-இல் ஏதோ ஒரு மாதத்தின் 15-ஆம் தேதி எழுதிய கடிதம் இதற்குப் பின்னே போய் நிற்கும். வினவலிலும் (தேடல் கட்டளை) ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில், நேரத்தோடும் நேர வலயத்தோடும் எழுதி, ‘காஸ்ட்’ கொண்டு தேதி வகைக்கு மாற்றித் தர வேண்டும். இத்தகைய களஞ்சியங்களுக்கான ஜே.சி.ஆர். என்ற தரநிலையின், 2009-இல் வந்த 2.0 பதிப்பில் உள்ள எஸ்.க்யூ.எல்.2 என்ற வினவல் மொழியில் முறை இதுதான்.

நேர வலயத்தில்தான் பலரும் சறுக்குகிறார்கள். களஞ்சியம் இரண்டு தேதிகளை ஒப்பிடும்போது நாட்காட்டித் தாளைப் பார்ப்பதில்லை, கணத்தைப் பார்க்கிறது. இந்திய நேரப்படி ஏப்ரல் 1 நள்ளிரவு என்று பதிந்த கடிதம், உலகப் பொது நேரத்தில் மார்ச் 31 மாலை 6.30-க்கு உரியது, வினவலின் எல்லையைப் பொது நேரத்தில் ஏப்ரல் 1 என்று வைத்தால் அந்தக் கடிதம் விடுபடும். கடிதத்தில் மணி எழுதப்படாததால், எல்லாவற்றையும் இந்திய நேரம் நண்பகல் 12 என்று பதிந்துவிடுங்கள்; பொது நேரத்துக்கு மாற்றினாலும் அது காலை 6.30 ஆகுமே தவிர, நாள் மாறாது. ஓராண்டைத் தேடும்போதும் ‘டிசம்பர் 31 வரை’ என்னாமல் ‘அடுத்த ஜனவரி 1-க்கு முன்’ என்று கேளுங்கள். இல்லையேல் கடைசி நாளின் நள்ளிரவுக்குப் பின் உள்ளவை கிடைக்கமாட்டா.

இனி உங்கள் பெட்டகத்துக்கே உரிய சிக்கல். இத்தகைய ஏடுகளில் பெரும்பாலும் ‘தாது வருஷம் தை மாதம்’ என்றுதான் இருக்கும். அறுபது ஆண்டுச் சுழற்சியில் தாது, பஞ்சத்துக்குப் பேர்போன 1876-77-இலும் வரும், 1936-37-இலும் வரும். எது என்பதைக் கையெழுத்தும் ஆட்களின் பெயரும் சொல்ல வேண்டும், கணினி சொல்லாது. பிந்தியதுதான் என்று தெரிந்தாலும், அந்தத் தை 1937 ஜனவரி நடுவில் தொடங்குவதால், 1936 என்று தேடினால் அகப்படாது. நாள் தெரியாத ஆவணத்துக்கு ஒரு தேதியைக் கற்பித்து எழுதுவதை நான் ஏற்கமாட்டேன். ‘தொடக்கம்’, ‘முடிவு’ என்று இரண்டு தேதிப் பண்புகளை வைத்து, மாதத்தின் முதல் நாளையும் கடைசி நாளையும் இட்டு, ஏட்டில் உள்ள வாசகத்தை அப்படியே மூன்றாவது பண்பாக வையுங்கள். தேடும்போது, ஆவணத்தின் தொடக்கம் உங்கள் காலவரம்பு முடிவதற்கு முன்பும், அதன் முடிவு வரம்பு தொடங்கிய நாளிலோ பின்போ இருக்க வேண்டும் என்று கேட்டால், ஐயத்துக்கு இடமான கடிதங்களும் உடன் வரும். அவற்றைப் பிரித்தறிவது உங்கள் வேலை.

ஜாக்ராபிட்டின் புதிய வடிவமான ஜாக்ராபிட் ஓக் பயன்படுத்துவதாக இருந்தால் அந்தப் பண்புகளுக்குக் குறியட்டவணை (இண்டெக்ஸ்) அமைத்துவிடுங்கள். அது இல்லாவிட்டால் ஒவ்வொரு தேடலுக்கும் களஞ்சியத்தில் உள்ளவற்றை ஒவ்வொன்றாகப் புரட்ட வேண்டியிருக்கும்.